குழி வாசலில் நின்ற மிஸ்ஸிக்கு

அன்புள்ள அக்கா,

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் கூலியாட்கள் பழைய மணல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்து அடிப்பக்கம் உக்கிப்போன மூட்டைகள். தூக்கும்போதே கிழிந்து மணலைக் கொட்டின. அந்த மணம் வந்தது. நனைந்த சாக்கும் பூஞ்சணமும் கலந்து, தொண்டை வரை வந்து ஒட்டிக்கொள்ளும் மணம். நான் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிலோரம் நின்றுவிட்டேன்.

"என்னடி, பேயைக் கண்டனியோ?" என்று கூட வந்தவள் கேட்டாள்.

"மூக்கு அரிக்குது" என்று சொல்லிச் சிரித்தேன். விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்களும் நானும் அதைப் புத்தகத்தில் படித்தோம். தெரிந்திருந்தும் வீட்டுக்கு வந்துசேர நெடுநேரம் ஆயிற்று.

நீங்கள் போய் இரண்டு வருடம் கடந்துவிட்டது. இதற்கிடையில் எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டேன். துறைமுகத்தின் அழகைப் பற்றி எழுதினேன், சிக்கனத்தைப் பற்றி எழுதினேன், காலை எழுவதன் நன்மையைப் பற்றிக்கூட எழுதினேன். உங்களுக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. இன்று எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டு முன்னறைக்கு நீங்கள் வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. யுத்தத்தால் ஊர் நிரம்பிவிட்டது. உள்துறைமுகத்தில் தண்ணீர் தெரியாமல் கப்பல்கள், தெருவெல்லாம் படைக்காரர். ஊரார் மிஸ்ஸி என்று அழைக்கும் நேர்ஸ்மாரின் விடுதியில் இடம் போதாமல் சிலரை வெளியே வீடு பார்க்கச் சொன்னார்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா உங்களை அழைத்துவந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரரின் மகள், வயது இருபத்துமூன்று, பயிற்சி முடிய ஒரு சோதினை மட்டும் மிச்சம் என்று அவர் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. உங்களிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு தலையணையும் அட்டை கழன்ற ஓர் ஆங்கிலத் தாதிப் பயிற்சிப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

டொக்டர்மார் ஆஸ்பத்திரி வாட்டில் பேசுகிற ஆங்கிலம் உங்களுக்குப் பழக்கம். புத்தகத்து ஆங்கிலம்தான் வசப்படவில்லை. "ஒரு வசனத்தின்ர தலை இஞ்ச கிடக்கு, வால் அடுத்த பக்கத்தில கிடக்கு. நடுவில நான் நித்திரை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடுவீர்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எந்த நீள வசனத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்க்க ஆசை. அப்படித்தான் ஒப்பந்தம் வந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். நீங்கள் அன்றைக்கு வாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்னவற்றில் கப்பலில் மூட்டை இறக்கும் ஒரு தொழிலாளியின் கதை எனக்கு மறக்காது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து, செத்துப்போகிறேன் என்று அலறினாராம். டொக்டர் சோதித்துவிட்டு இருதயம் நன்றாக இருக்கிறது, நடிக்கிறான், அனுப்பு என்றாராம். மூன்றாம் முறை அவர் வந்தபோதுதான் நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் வந்தது குண்டுவீச்சுக்கான அபாயச் சங்கை ஊதிப் பரீட்சித்த நாளில். நீங்கள் கட்டிலருகே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய மூச்சு தணியும் வரை கூடவே மெதுவாக மூச்சு விட்டீர்களாம்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"சொல்லக்கூடாது. எங்களுக்குத்தான் ஒண்டுமில்லை. அவருக்கு இருக்கு."

இதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

குறிப்புப் புத்தகம்! நரம்புக் கோளாறுகள் என்ற அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. ஒவ்வொரு பயிற்சிச் சங்குக்கும் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதினேன். அப்பா அலுமாரிப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுத்த வீட்டுச் செல்லம்மா மாமிக்குச் சிரிப்பு வரும். கண்ணில் நீர் ஓடும்வரை நிறுத்த முடியாத சிரிப்பு. அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தால் எழும்பவே மாட்டார். வெங்காயம் முடிந்த பிறகும் கத்தி வெறும் பலகையில் போய்வந்துகொண்டிருக்கும். ஓடுதல், உறைதல், சிரித்தல் என்று தலைப்புகள் போட்டு ஒவ்வொருவரையும் அவற்றின் கீழ் அடுக்கினேன். உங்கள் பெயருக்கு நேரே 'பயமில்லை' என்று எழுதியிருந்தேன்.

ஊரே அப்படித்தான் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் சங்கு ஊதினால் நடக்க முடியாத நோயாளிகளோடு வாட்டிலேயே நிற்பது நீங்கள். வீட்டில் இருக்கும்போது ஊதி நாங்கள் பதுங்குகுழிக்கு ஓடினால், "நீங்கள் போங்கோ, நான் வீட்டைப் பாத்துக்கொள்ளுறன்" என்று முற்றத்தில் நிற்பதும் நீங்கள். அப்பா எங்கள் ஒழுங்கைத் தெருவில் எல்லோரையும் குழிக்குள் இறக்கும் வார்டனாக நியமிக்கப்பட்டவர். விதிப்படி உங்களைக் கண்டிக்க வேண்டும். ஆனால் கச்சேரியில், "எங்கட வீட்டில ஒரு துணிஞ்ச மிஸ்ஸி இருக்கிறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த அத்தியாயத்தில் ஒரு பக்கம் இருந்தது. சிலருக்கு உயரம் ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்கு மூடிய இடம் ஆகாது என்று சொல்லும் பக்கம். அதை நீங்கள் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். மறுநாளும் சொன்னீர்கள்.

"சோதினைக்கு வருமோ, அக்கா?"

"வரும் போலதான் கிடக்கு. மருந்து என்ன எண்டு போட்டிருக்கு?"

மருந்து ஒன்றும் போட்டிருக்கவில்லை. அப்படியான தாதியை நெருக்கடி வேளைகளில் பொறுப்பில் வைப்பது உசிதமல்ல என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நான் அதைத் தமிழில் சொன்னேன். 'இப்படிப்பட்டவள் நோயாளரிடத்தில் நிற்கத் தகுதியற்றவள்.' ஆங்கிலம் அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை, அக்கா. 'தகுதியற்றவள்' என்ற சொல் எனக்குப் புதிது. அதை எங்காவது பயன்படுத்த வேண்டும் என்று காத்திருந்தேன். நீங்கள் எழுந்துபோய்க் கிணற்றடியில் முகம் கழுவினீர்கள். சூடு என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல் சங்கு ஊதியது. நாங்கள் குழிக்குள் இறங்கிவிட்டோம். வீட்டின் பின்னால் எங்கள் கோடிப்புறத்துக் குழி உங்களுக்குத் தெரியும். ஆறு படி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை, மேலே தென்னங்குற்றியும் மண்ணும். வாசலை மூட அப்பா தன் கையாலேயே ஒரு பலகை செய்து, உள்ளிருந்து இழுக்கக் கயிறும் கட்டியிருந்தார். குண்டைவிடப் பறக்கும் இரும்புத் துண்டுதான் ஆபத்து என்று வார்டன்மாருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாசலுக்கு மிக அருகில் உட்காருவது நான். "பலகை உன்ர பொறுப்பு" என்று அப்பா என்னை எத்தனையோ முறை பழக்கியிருந்தார். அவர் 'பலகை' என்று சொல்லி வாய் மூடுமுன் நான் இழுத்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை.

அன்று மழை தூறியதால் மாமி உங்களை விடவில்லை. "நனையாதை, வா பிள்ளை" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றீர்கள். உங்கள் கை மூட்டையைப் பற்றியிருந்தது. நகங்கள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வியர்வை. கழுத்து நரம்பு துடிப்பது கீழேயிருந்த எனக்குத் தெரிந்தது. கண் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னாலிருந்த இருட்டைப் பார்த்தது. நான் குறிப்பில் எழுதியிருந்த ஒவ்வொன்றும் வரிசையாக உங்கள் முகத்தில் வந்தது.

"அக்கா, உங்களுக்கு..." என்று தொடங்கினேன்.

"ஆஸ்பத்திரியில தேடுவினம்" என்று சொல்லி, மாமியின் கையை உதறிவிட்டுப் போய்விட்டீர்கள்.

பிறகு குசினிக்குப் பின்னால் உங்களைக் கண்டுபிடித்தேன். குந்தியிருந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பூமணி."

"எப்ப தொடங்கினது?"

"தெரியாது. சின்னனிலயே. கதவு மூடின அறையில நெஞ்சு அடைக்கும். காத்து முடிஞ்சுபோகும் எண்டு தோணும். முடியாது எண்டு தெரியும். தெரிஞ்சும் ஏலாது." பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "துணிஞ்ச மிஸ்ஸி!" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றுதான் தலைமைத் தாதியான மேட்ரனின் உத்தரவையும் சொன்னீர்கள். சித்திரை வருடப்பிறப்பு கழிந்ததும் ஒவ்வொரு நேர்ஸும் முறைவைத்து நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக் குழிக்குள் இருக்க வேண்டும். அதற்குமுன் ஒரு பயிற்சி நடக்கும். இறங்க மறுப்பவளின் பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"வீட்டை போனா என்ன, அக்கா? அங்க குண்டு விழாதே."

"போய்? ஐயாவுக்குப் பக்கத்தில இருந்து புகையிலை கட்டவோ? எனக்கு வேற ஒண்டும் தெரியாது, பூமணி. வருத்தக்காரரிட்ட நிக்கத்தான் தெரியும்." பிறகு, "தகுதி இல்லாட்டியும்" என்றீர்கள்.

அப்போதுதான் என் மொழிபெயர்ப்பு எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை, நான்தான் கூட்டிச் சொன்னேன் என்று அழுதேன். நீங்கள் என் தலையில் குட்டினீர்கள். "நீ கூட்டினாலும் கழிச்சாலும் மேட்ரன் ஒண்டுதான்."

மாமிக்கு விஷயம் அரைகுறையாக விளங்கியிருந்தது. பயந்துபோனவள் என்று முடிவுகட்டி, திருநீறு போட்டுப் பார்வை பார்த்து, காளி கோயிலிலிருந்து ஒரு நூலும் கொண்டுவந்து கட்டினார். நீங்கள் கையை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். "புத்தகத்தில மருந்தில்லை. மாமியிட்ட நூலாவது இருக்கு" என்று என் காதில் சொன்னீர்கள்.

நாங்கள் செய்ததற்குப் புத்தகத்தில் வழி இருக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கடலுக்குப் பழக்குகிறபோது முதல் நாள் கரையில் விடுவார்கள், அடுத்த நாள் கணுக்கால் வரை விடுவார்கள். அதைத்தான் நான் சொன்னேன். அப்பா கச்சேரியில் இருக்கும் நேரம், அம்மா மத்தியானத்தில் கண்ணயரும் நேரம், நாங்கள் இருவரும் கோடிப்புறத்துக்குப் போனோம். முதல் நாள் வாசலில் நின்றோம், அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து ஒரு படி. நெஞ்சு அடிக்கத் தொடங்கினால் ஏறி ஓடக்கூடாது, அந்தப் படியிலேயே நின்று எட்டு வரை எண்ணி மூச்சை வெளியே விட வேண்டும், அடங்கிய பிறகுதான் ஏற வேண்டும் என்று நீங்களே விதி வைத்தீர்கள். நான் கீழே நின்று எண்ணினேன்.

இரண்டாம் படியில் ஒரு கிழமை சிக்கிக்கொண்டோம். ஒரு நாள் கோபத்தில், "இது வெறும் குழிதானே, அக்கா!" என்று கத்திவிட்டேன். நீங்கள் திரும்பக் கத்தவில்லை. "தெரியும், பிள்ளை. அதை என்ர காலுக்குச் சொல்லு" என்றீர்கள்.

மூன்றாம் படியில் நின்று கேட்டீர்கள்: "பலகை?"

"பலகைக்கு நான்தானே பொறுப்பு. நீங்கள் உள்ள இருக்கேக்க இழுக்கமாட்டன்."

"அப்பா சொன்னா?"

"சொன்னாலும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கொழும்பில் குண்டு விழுந்தது என்ற செய்தி வந்த நாளில் ஐந்தாம் படியில் நின்றீர்கள். அடுத்த நாள் கீழே இறங்கி, மண் சுவரில் முதுகு சாய்த்து, நான் நூறு எண்ணும்வரை இருந்தீர்கள். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பூமணி, மண்ணடி! வெறும் மண்!" என்று சிரித்தீர்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த சத்தத்தில் அம்மா எழும்பிவிட்டார்.

ஆட்கள் நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் பழகவில்லை. பலகை மூடியிருக்கும்போது ஒரு முறையும் பழகவில்லை. அவற்றை நாங்கள் அடுத்த கிழமைக்கு வைத்திருந்தோம்.

அந்தக் காலை. வருடப்பிறப்புக்குச் சில நாட்களே இருந்தன. அம்மா பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தார். கிண்ணியாவிலிருந்து விறகு கொண்டுவரும் காசிம் காக்கா வாசல் படலையடியில் விறகை இறக்கிக்கொண்டிருந்தார். நீங்கள் இரவு வேலை முடிந்து வந்து கிணற்றடியில் கால் கழுவினீர்கள். சங்கு ஊதியது. பயிற்சிதான் என்று அம்மா மாவைக் கிளறிக்கொண்டே இருந்தார். அப்போது எண்ணெய்த் தாங்கிகள் இருந்த சீனன்குடாப் பக்கம் நிலம் அதிர்ந்தது.

எல்லோரும் ஓடினோம். அப்பா, அம்மா, மாமி, படலையடியிலிருந்து காக்கா. நான் வாசலருகே என் இடத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் ஓடிவந்து வாசலில் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் கையை நீட்டினேன். நீங்கள் இறங்கினீர்கள், அக்கா. ஆறு படியும் இறங்கினீர்கள். குண்டு விழும் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு மகிழ்ச்சி வந்தது. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த குண்டு மிக அருகில் விழுந்தது. கூரை மண் எங்கள் தலையில் கொட்டியது.

"பலகை!" என்றார் அப்பா.

என் கை இழுத்துவிட்டது.

நான் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்வதற்குத்தான் அப்பா என்னைப் பழக்கியிருந்தார். இருட்டு வந்த பிறகுதான் கயிறு என் கையில் இருப்பது எனக்குத் தெரிந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி. அதனூடாக வந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள்.

பிறகு உங்கள் மூச்சு. நாய் இளைப்பது போல. "திற" என்றீர்கள். கத்தவில்லை. "பூமணி, திற."

"ஐயோ, பேய் பிடிச்சிட்டுது, பிடியுங்கோ!" என்றார் மாமி. அப்பாவும் அம்மாவும் உங்கள் தோள்களை அழுத்திப் பிடித்தார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான் பிடித்தார்கள். பிடிக்கக்கூடாது என்று அந்தக் குழிக்குள் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிடித்தால் இன்னும் கூடும், விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல் வரவில்லை. கயிற்றை விடவும் விரல் வரவில்லை. 'உறைதல்' என்று எவ்வளவு அழகாகத் தலைப்புப் போட்டிருந்தேன்!

கடைசியில் காசிம் காக்காதான் சொன்னார். "விடுங்க, அந்தப் புள்ளைக்கு மூச்சு ஏலாம கிடக்கு. சாகப்போகுது." அவர் என் விரல்களைக் கயிற்றிலிருந்து பிரித்து, பலகையைத் தோளால் தள்ளினார். நீங்கள் ஏறிப் போனீர்கள். அப்பா உங்கள் சீருடையின் ஓரத்தை எட்டிப் பிடித்தார். அது கிழிந்து அவர் கையில் வந்தது. அவர் பலகையை மறுபடி இழுத்தார்.

நீங்கள் ஓடிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மூட்டையில் யாரோ சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. இளைத்த மூச்சு ஒன்று, இரண்டு, பிறகு நீண்டது. வெளியே வானமெல்லாம் இரைந்துகொண்டிருந்தது. உங்களுக்கு மூச்சு வந்துவிட்டது.

"உள்ள ஆருக்கு இளைக்குது? பூமணியோ?"

அது வாட்டில் பேசும் குரல். அந்தத் தொழிலாளியின் கட்டிலருகே பேசியிருப்பீர்களே, அந்தக் குரல்.

"கையைத் தா." ஓரத்து இடைவெளியால் உங்கள் கை வந்தது. பிடித்தேன். "எட்டு எண்ணி வெளியால விடு. கெதிப்படாதை. மாமி எப்பிடி?"

"சிரிக்கிறா."

"சிரிக்கட்டும். விடு. எண்ணு."

"அக்கா, உள்ள வாங்கோ. பலகையைத் திறக்கிறன். அக்கா, நான்..."

"பிறகு கதைப்பம். இப்ப எண்ணு."

நான் எண்ணினேன். நீங்களும் எண்ணினீர்கள். ஒரு பெரும் சத்தம் வந்தது. காது அடைத்துக்கொண்டது. எதுவும் கேட்காமல் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். உங்கள் கை என் கையில் இருந்தது. கேட்கத் தொடங்கிய பிறகு நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அபாயம் நீங்கிய சங்கு ஊதி அப்பா பலகையைத் தள்ளியபோது நீங்கள் மூட்டையில் சாய்ந்தபடியே இருந்தீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் காயம். அம்மா தன் சேலைத் தலைப்பால் அதை மூடினார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை சூரியனை மறைத்துவிட்டது. அன்று பின்னேரமே ஊரில் பாதிப்பேர் கந்தளாய்ப் பாதையால் நடக்கத் தொடங்கினார்கள். நாங்களும் நடந்தோம்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது உங்கள் கதை எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. குண்டுமழையில் நோயாளிகளைத் தேடி ஆஸ்பத்திரிக்கு ஓடப் புறப்பட்ட மிஸ்ஸி. மேட்ரன் பிரார்த்தனைக் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னாராம். "எங்களுக்கு வாசலில காவல் நிண்ட பிள்ளை" என்றார் மாமி. கிழிந்த சீருடைத் துண்டை அலுமாரிக்குள் வைத்திருந்த அப்பாவும், கேட்பவர்களுக்கு, "கடமை எண்டு ஓடினவ, மறிக்க ஏலாமல் போச்சு" என்றார். யாரும் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அவரவருக்குத் தாங்கக்கூடியதைச் சொன்னார்கள்.

நான் குறிப்புப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன். ஆனால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பயிற்சிகளில் இப்போது அழுகிற பிள்ளைகளை விட்டுவிடுகிறேன். அவர்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "எனக்கென்ன பயம், நீங்கள் முதல்ல போங்கோ" என்று பகிடி விடுகிறவர்களின் நகங்களைப் பார்க்கிறேன். சில வேளை பக்கத்தில் போய் நின்று, எங்கே உட்கார்ந்தால் வசதி என்று மட்டும் கேட்பேன். சிலர் சொல்வார்கள். சிலர் ஏசுவார்கள்.

உங்களைப் பெற்ற ஐயா வந்தது நாங்கள் திரும்பி வந்த கொஞ்ச நாளில். தகரப் பெட்டியை எடுத்துப் போக வந்தார். முன்னறைக் கதிரையில் நுனியில் உட்கார்ந்து, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா சொன்ன வீரக் கதை முழுவதையும் தலையாட்டிக் கேட்டார். அம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். நான் கூட்டிக்கொண்டு போனேன்.

குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் வாசலில் நெடுநேரம் நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். உள்ளதைச் சொல்லு. அவள் பயந்தவளோ?"

வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பா வரவில்லை.

"ஓம், ஐயா. பயந்தவ. குண்டுக்கில்லை. மூடின இடத்துக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். மேட்ரனின் உத்தரவு, மத்தியானப் பழக்கம், இரண்டாம் படியில் சிக்கிய ஒரு கிழமை, மண் என்று சிரித்தது, வெளியே இருந்துகொண்டு என்னை எண்ணவைத்தது. அவர் படியில் உட்கார்ந்து கேட்டார்.

"ஆறு படியும் இறங்கினவளோ?"

"ஆறும் இறங்கினவ."

அவர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "சின்னனில ஒளிச்சுப் பிடிக்கிற விளையாட்டுக்கு வரமாட்டாள். பயந்தாங்கொள்ளி எண்டு நான் பேசுவன். இஞ்ச வந்தா ஆளாளுக்குப் பெரிய கதை சொல்லுகினம். அந்தக் கதையளில என்ர பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியேல்லை. நீ சொன்னதிலதான் அவள் வந்தாள்."

எழுந்து நின்று, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் கேட்டார்: "இறங்கினவள் பிறகேன் வெளியால வந்தவள்?"

"பலகை மூடினது, ஐயா. இருட்டாப் போச்சு."

யார் மூடியது என்று அவர் கேட்கவில்லை. அப்பா என்று நினைத்திருப்பார், அல்லது குண்டின் அதிர்ச்சியில் தானாக விழுந்தது என்று நினைத்திருப்பார். ஒரு கணம், இரண்டு கணம் காத்திருந்தேன், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று. கேட்காமலே சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் போலவே வாய் இருந்தது. சொல் வரவில்லை.

அவர் கையை என் தலையில் வைத்து, "நல்லாயிரு, பிள்ளை. அவளை நீதான் விளங்கினனீ" என்றார். புகையிலை மணக்கும், காய்ப்புப் பிடித்த, கனமான கை.

நான் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டேன், அக்கா. அந்தக் கையைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் இன்னும் திரிகிறேன்.

பூமணி